முழங்கால் மெலிந்தார்க்கு நீர்ப்பயிற்சி

(நம் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இலக்கியச் சுவையைப் பற்றி அரைமணி நேரம் பேசுக என்றே செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்திருந்தார்கள். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ முழங்கால். தமிழாசிரியனுக்கு முழங்கால் ஆராய்ச்சி எதற்கு என்று நகைப்போர் நகைக்கலாம். இருபதாண்டுகட்கு மேலாகக் கரும்பலகையின் முன் நின்றே பிழைப்பவனுக்கு அவ்வாராய்ச்சி தானே வந்து வாய்க்கும். அன்றியும், சற்று முன்னர் நடந்த பந்தியை அனைவரும் கண்டீர்கள். பாய் விரித்து இலையிட்ட வரிசையில் இடம் காலியாகக் கிடந்தது. சுவரோரத்து மேசைக்கும் நாற்காலிக்கும் காத்து நின்றோர் வாயிற்படி வரையில் நின்றார்கள். நம் குடும்பங்களில் ஐம்பதைக் கடந்தவருள், தரையில் அமர்ந்து, கையூன்றாமல், பிறர் கைகொடாமல் எழ வல்லார் அருகிவிட்டனர்.

பந்தியில் இடம் மாறியது பெரிதன்று. முழங்கால் வலிக்கிறதென்று நீண்ட நடையை விட்டவர் சில மாதத்திற் கோயிலை விடுகிறார். பின்னர்க் கடைத்தெருவை விடுகிறார். அதன்பின் படியேற வேண்டிய உறவினர் இல்லங்களை விடுகிறார். முடிவிற் கட்டிலுக்கும் வாயில் நாற்காலிக்கும் இடையே அவர் உலகம் ஒடுங்கிப்போகிறது. மூப்பு வந்தால் அப்படித்தான் என்று வீட்டாரும் அமைந்துவிடுகின்றனர். அவ்வாறு அமைய வேண்டுவதில்லை. தரையில் நடக்க மாட்டாத முழங்காலுக்கும் நீரில் நடை உண்டு. இதனைக் கூறவே எழுந்தோம்.

செயலாளர் மனம் வருந்தாவண்ணம் ஒரு செய்யுளை மட்டும் நினைவூட்டுதும். புறநானூற்றின் 243-ஆம் பாட்டைப் பள்ளியிற் படித்தோர் இங்குப் பலர் இருப்பீர்கள். முதுமையுற்ற ஒருவர், பூணிட்ட பெருந்தடியை ஊன்றிக்கொண்டு, இருமலுக்கிடையே சில சொற்களைச் சொல்லித் தம் இளமையை எண்ணி இரங்குகிறார். நீர்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நின்றோர் திகைக்க மடுவிற் குதித்து, மூழ்கி, அடிமணலை அள்ளிவந்து காட்டிய அந்த நாள் எங்கே போயிற்று என்பது அவர் ஏக்கம். பாடியவர் இயற்பெயர் மறைந்து, தொடித்தலை விழுத்தண்டினார் என்று அத்தடியினாலேயே இன்றளவும் அவர் வழங்கப்பெறுகிறார். யாம் இப்பாட்டை வகுப்பில் நடத்தித் திணை பொதுவியல், துறை கையறுநிலை என்று முடித்தபொழுது, பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “அந்தத் தாத்தா ஏன் திரும்பவும் குளத்தில் இறங்கவில்லை, ஐயா?” என்று வினவினான். வகுப்புச் சிரித்தது. யாம் சிரிக்கவில்லை. உரையாசிரியர் எவரும் எழுப்பாத வினாவாயினும், அது நல்ல வினா. கிளையிலிருந்து குதித்தல் அவர்க்கு இனி ஆகாது என்பது மெய்யே. படிவழியே மார்பளவு நீரில் இறங்கி நிற்பதை எது தடுத்தது? தடி கைக்கு வந்தவுடன் நீரைக் கைவிட வேண்டும் என்று நாமும் இன்றுவரை எண்ணிக்கொண்டிருக்கிறோம். தடி வந்த நாளே நீரை மீண்டும் தேட வேண்டிய நாள் என்று இக்கால மருத்துவ நூலார் கூறுகின்றனர்.

காரணம் அறிய முழங்காலின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். மேலே தொடையெலும்பு, கீழே கணைக்காலெலும்பு, முன்னே சிப்பி போன்ற சில்லு. இவை ஒன்றையொன்று உரசாதபடி எலும்பின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்திருக்கிறது. இக்குருத்தெலும்புக்குக் குருதிக் குழாய் கிடையாது. மூட்டினுள் ஊறும் நீரே அதற்கு உணவு. பஞ்சினை நீரில் இட்டுப் பிழிந்து விடுவது போல, கால் மடங்கி நிமிரும்போதெல்லாம் அழுந்தியும் விரிந்தும் அந்த நீரை அது உள்வாங்குகிறது. ஆகவே அசையாத மூட்டின் குருத்தெலும்பு தன் உணவைக் குறைவாகவே பெறும். மற்றொன்று: முழங்காலை நேர் நிறுத்திக் காப்பது தொடையின் முன்புறத் தசை. நடை குறையின் அத்தசை மெலியும். தசை மெலியின் பாரம் முழுதும் மூட்டின்மேல் விழும். மூட்டு வலிப்பின் நடை மேலும் குறையும். செக்குமாடு சுற்றுவது போன்ற சுற்று இது. வலிக்கு அஞ்சி அமர்ந்தவர் அமர்ந்ததனாலேயே மிகுதியும் வலி உறுகின்றார்.

அப்படியாயின் நடப்பதுதானே என்பீர்கள். நடக்கலாம்; நடக்க முடிந்தவர் நடக்கவே வேண்டும். ஆனால் அதன் பாரத்தைக் கேளுங்கள். முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டோர் சிலரின் செயற்கை மூட்டினுள்ளே அளவுக் கருவி பொருத்தி, அதன்மேல் விழும் சுமையைப் பெர்லின் நகரத்து ஆராய்ச்சியாளர் அளந்து 2010-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சமதரையில் நடக்கும்போது, அடி ஒவ்வொன்றுக்கும், உடலெடையின் இரண்டரை மடங்கிற்குச் சற்று மேற்பட்ட சுமை முழங்காலில் இறங்குகிறது. மாடிப்படி இறங்கும்போது ஏறத்தாழ மூன்றரை மடங்கு. 60 கிலோ எடையுள்ள ஓர் அம்மையார் படியிறங்கும் ஒவ்வோர் அடிக்கும் அவர் முழங்கால் 200 கிலோவுக்கு மேல் தாங்குகின்றது என்க. ஏறுவதினும் இறங்குவதே கொடிது என்று பாட்டிமார் சொல்லி வந்தது எத்துணை மெய் என்பது இதனால் விளங்கும். உடலெடையைக் குறைத்தலின் பயனும் இதனால் விளங்கும்: எடை ஒரு கிலோ குறையின், அடி ஒவ்வொன்றுக்கும் முழங்காற் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று 2005-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று கண்டது. எடை குறைய உழைக்க வேண்டும். உழைக்க முழங்கால் இடந்தராது. இம்முட்டுச் சந்திலே நிற்பவர்க்குத்தான் நீர் வேண்டும்.

கிணற்றில் நீர் சேந்திய தாய்மார்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். கயிற்றிற் கட்டிய குடம் நீருக்குள் அமிழ்ந்திருக்குமளவும் ஒரு கையால் இழுக்குமாறு இலேசாயிருக்கும். நீர்மட்டத்தை விட்டு மேலெழுந்த அக்கணமே தோள் இறங்கக் கனக்கும். குடம் அதுவே, நீரும் அதுவே. உள்ளிருந்தவரை அதன் பாரத்தைக் கிணற்று நீரே ஏந்திற்று. வெளிவந்தபின் உங்கள் கை ஏந்திற்று. கி. மு. மூன்றாம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் சிரக்கூசு நகரில் வாழ்ந்த ஆர்க்கிமிடீசு வகுத்த விதி இதுவே: ஒரு பொருள் எவ்வளவு நீரை ஒதுக்குகிறதோ, அவ்வளவு நீரின் எடைக்குச் சமமான விசை அதனை மேல்நோக்கி உந்தும். மனித உடல் நீரோடு ஒத்த செறிவுடையதாதலின் இவ்வுந்தலைப் பெரிதும் பெறுகிறது. இடுப்பளவு நீரில் நிற்பவர் கால்கள் அவர் எடையில் ஏறத்தாழப் பாதியையே சுமக்கின்றன. மார்பளவு நீரில் மூன்றிலொரு பங்கு, அல்லது அதனினும் குறைவு. கழுத்தளவு நீரிற் பத்திலொரு பங்கே. முன்னே கூறிய அறுபது கிலோ அம்மையார் கழுத்தளவு நீரில் நிற்பின், அவர் கால்கட்கு அவர் ஆறு கிலோக் குழந்தை.

பாரத்தை ஏந்துவதோடு நீர் நின்றுவிடின் அது நல்ல கட்டில் போலாகுமேயன்றிப் பயிற்சிக்களமாகாது. நீர் காற்றினும் ஏறத்தாழ 800 மடங்கு செறிவுடையது. அதனைத் தள்ளிக்கொண்டு காலை வீசும்போது தசை உழைத்தே தீரும். அதிலும் ஒரு நயம் உண்டு. மெல்ல வீசின் எதிர்ப்பும் மெல்லியது; வேகத்தை இரட்டித்தால் எதிர்ப்பு நான்மடங்காகும். ஆகவே பயிற்சியின் கடுமையைத் தாமே கூட்டவும் குறைக்கவும் வல்லவராகிறோம். வலித்தவுடன் வீச்சைத் தளர்த்தினால் நீரும் உடனே தளர்ந்து கொடுக்கும். இரும்புக் குண்டைத் தூக்கிப் பழகுவோர்க்கு இவ்விரக்கம் கிட்டாது. இன்னும், நீரின் அழுத்தம் கீழே செல்லச் செல்ல மிகுவதால், கணுக்காலிலும் முழங்காலிலும் தேங்கிய வீக்கம் மேல்நோக்கி வடிதற்கு அது துணை செய்கிறது. தடுமாறினாலும் தரையில் விழுவது போல விழுதல் இல்லை. விழுந்துவிடுவோமோ என்னும் அச்சம் நீங்குதலே முதியோர்க்குப் பாதி மருந்து.

உலக வரலாற்றில் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. அமெரிக்க நாட்டின் தலைவராக நான்கு முறை தேர்ந்தெடுக்கப்பெற்ற பிராங்கிளின் ரூசுவெல்ட் என்பார், 1921-ஆம் ஆண்டில், தம் 39-ஆம் வயதில், இளம்பிள்ளை வாதம் என்று மருத்துவர் கண்ட நோயால் இரு காலும் செயலிழந்தார். 1924-இல் ஜார்ஜியா மாநிலத்து வார்ம் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூருக்குச் சென்றார். அங்கே ஏறத்தாழ 31 பாகை செல்சியசு வெப்பமுள்ள இயற்கை ஊற்றுண்டு. தரையில் இரும்புச் சட்டமின்றி நிற்க மாட்டாத அவர், அந்நீரில் நிற்கவும் காலை அசைக்கவும் இயன்றது கண்டு மகிழ்ந்தார். 1926-இல் அவ்விடத்தையே விலைக்கு வாங்கி, மறு ஆண்டு தம்மைப் போன்ற நோயாளர்க்கென ஓர் அறநிலையமும் நிறுவினார். அவர் கால்கள் பழைய வலிமை பெறவில்லை என்பதையும் உடன் கூறல் வேண்டும். ஊற்று நீர் நோயைப் போக்கிற்று என்று கதை கட்டுவோர் எங்கும் உளர். நீர் நோயைப் போக்கவில்லை. நோயுற்ற காலுக்கு வேலை செய்ய இடங்கொடுத்தது. அவ்வளவே. அவ்வளவுக்காகவே அவர் மீண்டும் மீண்டும் அங்குச் சென்றார். 1945 ஏப்ரல் 12-இல் உயிர் நீத்ததும் அங்கேயே.

நம்மவர் முழங்கால் நோய் வேறு. பெரும்பாலும் தேய்வினால் வருவது. அதற்கும் சான்று உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பினர் 2016-இல் வெளியிட்ட திறனாய்வு, முழங்காலும் இடுப்பும் தேய்ந்தோர் நீரிற் செய்த பயிற்சி பற்றிய 13 ஆய்வுகளை, 1,190 பேரைப் பற்றியவற்றை, ஒருங்கு நோக்கியது. பயிற்சி முடிந்த காலத்தில் வலியும் இயலாமையும் சிறிதளவு குறைந்தன என்பது அதன் முடிபு. சிறிதளவு என்னும் சொல்லை யாம் மறைக்கவில்லை. அதே 2016-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், மூட்டுத் தேய்வுடையோர் ஒரு சாரார் நீந்தினர். மற்றொரு சாரார் நிலைமிதிவண்டி மிதித்தனர். கிழமைக்கு மூன்று நாள், நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம், பன்னிரண்டு கிழமை. இரு சாரார்க்கும் வலியும் விறைப்பும் ஒருபடித்தாகவே குறைந்தன. மிதிவண்டி மிதிக்க முழங்கால் இடந்தருமாயின் மிதிக்கலாம் என்பதும் இதனாற் பெறப்படும். நீரே ஒரே வழி என்று யாம் கூறவில்லை. தேய்ந்துபோன குருத்தெலும்பை நீர் மீண்டும் முளைப்பிக்கும் என்று எவரேனும் கூறி உங்களிடம் பணம் கேட்பாராயின், அவர்க்கு வாயிலைக் காட்டுக. எலும்பு உறுதி பெறுதற்குத் தரையில் நிற்றலும் நடத்தலும் வேண்டியிருத்தலின், நீரிற் பழகிக் கால் தேறியவர் சிறிது சிறிதாகத் தரை நடைக்கும் திரும்புதல் நன்று.

இனி எப்படிச் செய்வது? நீந்தத் தெரியாதே என்று அஞ்ச வேண்டா. முழங்காலுக்கு நன்மை தருவனவற்றுட் பாதி, நீந்தத் தெரியாதவரும் செய்யத்தக்கன. மார்பளவு நீரில் சுவரோரக் கம்பியைப் பற்றி முன்னோக்கி நடத்தல், பின்னோக்கி நடத்தல், நண்டு போலப் பக்கவாட்டில் நடத்தல். ஒரு காலில் நின்று மறு காலை முன்னும் பின்னும் வீசுதல். கம்பியைப் பற்றிச் சிறிதளவு அமர்ந்து எழுதல். முதற் கிழமை பத்து நிமிடம் போதும். பின்னர் நாளுக்கு நாள் கூட்டி அரைமணி வரை செல்லலாம். கரையேறி இரண்டு மணி நேரத்திற்குப் பின்னும் வலி முன்னிலும் மிகுந்து நிற்குமாயின், அன்று செய்தது மிகை என்று அறிந்து மறுமுறை குறைத்துக்கொள்க.

நீந்தத் தெரிந்தவர்க்கு ஓர் எச்சரிக்கை உண்டு. முழங்கால் நோயுடையார் தவளை நீச்சலை விடல் வேண்டும். அதிற் காலை மடக்கி, அகட்டி, வளைத்து உதைக்கும்போது முழங்காலின் உட்புறத்து நாண்கள் முறுக்குண்கின்றன. அந்நீச்சலையே பழகும் பந்தய வீரர்க்கு இதனால் வரும் வலிக்கு மருத்துவர் தனிப்பெயரே வைத்துள்ளனர். நம் ஊர்களிற் கிணற்றில் நீந்தக் கற்றோர் பெரும்பாலும் தவளைபோல் உதைத்தே பழகியவர். அவர்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ளல் வேண்டும். காலை இடுப்பிலிருந்தே அசைத்து, முழங்காலை ஏறக்குறைய நேராக வைத்து, நீரைச் சிறுகச் சிறுக அடித்து நீந்துதலே தக்கது. மல்லாந்து நீந்துதல் இன்னும் நன்று. மூச்சுக்கும் இடர் இல்லை. இளமையில் முதுகிற் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு பழகினோமே, அதுபோல இக்காலத்தில் இலேசான மிதவைப் பலகை உண்டு. அதனைக் கையாற் பற்றிக்கொண்டு கால்களை மட்டும் அடிக்கலாம். ஐம்பது வயதில் அதனைப் பற்ற நாணுவது வீண்.

வாதத்திற்குக் குளிர்ச்சி ஆகாதே என்று பெரியோர் கேட்பார்கள். கேட்பதில் நியாயம் உண்டு. மருத்துவமனைகளிற் பயிற்சிக்கென்று அமைக்கும் குளங்களில் நீரை 33 முதல் 36 பாகை வரை வெதுவெதுப்பாகவே வைக்கின்றனர். விறைத்த தசை அதில் இளகும். பந்தயத்திற்குரிய குளங்களின் நீரோ 25 முதல் 28 பாகை. அது வேகமாக நீந்துவார்க்கு ஏற்றது, மெல்ல நடப்பார்க்குக் குளிரும். ஆயின் நம் நாட்டு வெயிலில், திறந்தவெளிக் குளத்து நீர் பங்குனி முதற் புரட்டாசி வரை தானே இளஞ்சூடு கொள்கிறது. மார்கழி விடியலில் நீரில் இறங்கு என்று யாம் எவரையும் வற்புறுத்தவில்லை. அது பாவை நோன்பினர்க்கு உரியது.

நீரில் இறங்கலாகாதவரும் உளர். நெஞ்சகம் வலிவிழந்தவர், கட்டுக்கடங்காத குருதியழுத்தம் உடையவர், வலிப்புடையவர், ஆறாத புண் உடையவர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் இறங்குதல் தகாது. நீர் உடலை நாற்புறமும் அழுத்திக் குருதியை நெஞ்சுக்கு மிகுதியாகத் திருப்புவதே முதற்சாராரைத் தடுப்பதற்குக் காரணம். நீரிழிவினால் உள்ளங்கால் மரத்தவர் இரப்பர்ச் செருப்பணிந்து இறங்குக. தரை கீறியது தெரியாமற் போம். இவை எல்லாவற்றினும் பெரிய இடர் நீருக்குள் இல்லை, கரையில் இருக்கிறது. ஈரத்தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் முழங்கால் வலியே இன்பம் என்று தோன்றும். தனியே எவரும் இறங்கற்க. கடலை நாடற்க, அலை வயதைப் பாராது. ஆறும் இந்நாளிற் பழைய ஆறன்று. மணல் அள்ளிய பள்ளம் எங்கேயென்று மேலே நின்று காண இயலாது. பாசி படிந்த பாழ்ங்கிணறும் குளமும் வேண்டவே வேண்டா.

அப்படியாயின் எங்கே போவது? இதுவே நம் சங்கம் எண்ண வேண்டிய இடம். எம் தமக்கையார் ஒருவர்க்கு வயது அறுபத்தொன்று. சிறுமியாயிருந்தபோது எம் ஊர்க் குளத்தை இக்கரையிலிருந்து அக்கரைக்கு நீந்திக் கடந்தவர். எமக்கு நீந்தக் கற்பித்தவரும் அவரே. திருமணத்திற்குப்பின் நாற்பதாண்டுகள் நீரைக் குடத்தளவன்றிக் கண்டதில்லை. முழங்கால் நோய் வந்தபின் நடக்கச் சொன்னார்கள். ஒரு நாள் நடந்தால் இரண்டு நாள் படுத்தார். பின் நடையையே விட்டார். இயன்முறை மருத்துவர் ஒருவர் நீர்ப்பயிற்சி செய்க என்று சொல்ல, யாமே அவரை நகரத்துக் குளம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். மகளிர்க்கு ஒதுக்கிய நேரம் பிற்பகல் இரண்டு மணி. இறங்குதற்குப் படி இல்லை. சுவரோடு ஒட்டிய செங்குத்தான இரும்பேணி ஒன்றே. குறைந்த ஆழம் ஐந்தடி. எம் தமக்கையாரின் உயரம் நான்கடி பத்தங்குலம். முழங்கால் மடக்க மாட்டாதவரை ஏணியில் இறங்கச் செய்து, தலைக்கு மேற்பட்ட நீரில் நடக்கச் சொல்லும் ஏற்பாட்டை என்னென்பது! உடை பற்றிய பேச்சு வேறு எழுந்தது. அக்கா கேட்டுக்கொண்டே நின்று, “வா தம்பி, போகலாம்” என்று திரும்பிவிட்டார்.

சில மாதம் கழித்துக் கோயம்புத்தூரில் மகள் இல்லத்தில் தங்கினார். அக்குடியிருப்பிற் படிகளோடு கூடிய சிறுகுளம் ஒன்று இருந்தது. கையும் காலும் மறைக்கும் நீச்சலுடை இப்போது கடைகளிற் கிடைக்கிறது. மகள் அதனை வாங்கித் தந்தாள். பேத்தி கைபிடித்து இறக்கினாள். நான்கு மாதம், கிழமைக்கு நான்கு நாள், மார்பளவு நீரில் நடந்தார். முழங்கால் முற்றும் ஆறிற்று என்று சொல்ல மாட்டோம். தரையில் இன்னும் அமர மாட்டார். ஆயினும் மாடிப்படியை இடையில் நில்லாமல் ஏறுகிறார். சென்ற பொங்கலுக்கு எவர் துணையுமின்றித் தாமே பேருந்தேறி எம் இல்லம் வந்து சேர்ந்தார். அவர் வந்து இறங்கியபோது எம் மனையாள் முதலிற் கேட்டது பின்னால் யார் வருகிறார்கள் என்பதே.

நம் ஊர்க்குளங்களில் ஆடவர் துறை, மகளிர் துறை என்று வேறாக இருந்தன. படிகள் இருந்தன, படிதோறும் ஆழம் வேறுபடுமாதலின் நெட்டையர்க்கு ஒரு படி, குட்டையர்க்கு ஒரு படி என்று தத்தமக்கேற்ற நீரில் அவரவர் நின்றனர். சங்க காலத்து மகளிர் வையையிற் புனலாடியதைப் பரிபாடல் விரித்துரைக்கிறது. இன்று நீச்சல் என்பது பள்ளிப் பிள்ளைகட்கும் பந்தயத்திற்கும் உரியதாகிவிட்டது. 1995-ஆம் ஆண்டுத் தெற்காசிய விளையாட்டுக்களை ஒட்டிச் சென்னை வேளச்சேரியில் எழுந்த பெருங்குளம் போன்றவை வீரர்க்கு ஏற்றவை. பாட்டிமார்க்கு வேண்டுவது ஒலிம்பிக் ஆழமன்று. நான்கடி நீர், அகலப் படி, பற்றக் கம்பி ஒன்று, பார்த்துக்கொள்ளப் பெண் ஒருத்தி.

இவ்வாண்டுத் திட்டத்தில், உணவுக்கூடத்திற்கு மேசையும் நாற்காலியும் வாங்கத் தொகை ஒதுக்கியிருப்பதாக அறிகிறோம். அதனை யாம் எதிர்க்கவில்லை. காத்து நின்றோரை இன்று கண்டோம். ஆனால், தேய்ந்த முழங்காலுக்கு நாற்காலி இடுவதோடு நம் கடமை முடிந்ததென்று கருதுதல் கூடாது. புதிதாகக் குளம் வெட்டுக என்றும் யாம் கேட்கவில்லை. கட்டுதல் எளிது, நாள்தோறும் நீரைத் தூய்மை செய்து காத்தல் அரிது, சங்கக் கட்டடங்களின் கதை நாம் அறிந்ததே. நம் ஊரில் தனியார் பள்ளி ஒன்றன் நீச்சற்குளம் விடியற்காலையிலும் பள்ளி விடுமுறை நாட்களிலும் வெறுமனே கிடக்கிறது. ஒரு முனையில் மூன்றரை அடி ஆழம்; அகலமான படிகளும் உண்டு. பள்ளியாரிடம் பேசினோம். காலை ஆறு முதல் எட்டு வரை, கிழமைக்கு மூன்று நாள், வாடகைக்குத் தர இசைகின்றனர். முதல் மணி மகளிர்க்கு, அடுத்த மணி ஆடவர்க்கு என்று வகுக்கலாம். மகளிர் மணியில் ஆடவர் எவரும், குளக்காவலர் உட்பட, உள்ளே இருத்தல் கூடாது. நீச்சல் கற்பிக்கும் அம்மையார் ஒருவர் வர ஒப்பியுள்ளார். கைப்பிடிக் கம்பி ஒன்றும், ஈரத்தரைக்குச் சொரசொரப்பான விரிப்பும் நம் செலவிற் போட்டுத் தருதல் வேண்டும்.

மற்றொரு செய்தி. இவ்வேற்பாடு நம் உறுப்பினர்க்கு மட்டும் என்று அமையலாகாது என்பது எம் கருத்து. நீர்நிலையில் இன்னார் இறங்கலாம், இன்னார் இறங்கலாகாது என்னும் தடை இந்நாட்டில் நெடுங்காலம் இருந்தது. அந்நாளைய பம்பாய் மாகாணத்து மகாட் என்னும் ஊரில், பொதுக்குளத்து நீரைக் கையால் அள்ளும் உரிமைக்காக 1927-இல் அம்பேத்கர் அவர்கள் மக்களைத் திரட்டிச் செல்ல வேண்டியிருந்தது. அக்கறையின் நிழல்கூட நம் செயலிற் படிதல் ஆகாது. தெருவில் எவர்க்கு முழங்கால் வலிக்கிறதோ அவரெல்லாம் வரலாம் என்றே அறிவிப்பு எழுதுவோம். வாடகையும் அதனாற் பலர்மேற் பகிர்ந்து குறையும் என்று பொருளாளர் அவர்களுக்கு நினைவூட்டுகிறோம்.

நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று தயங்கும் தாய்மார்கட்கு ஒரு சொல். அந்த நாலு பேருள் மூவர்க்கு முழங்கால் வலி இருக்கிறது. இன்றைய பந்தியில் எண்ணிவிட்டோம். முதல் மாதம் அவர்கள் கரையில் நின்று பார்ப்பார்கள். இரண்டாம் மாதம் உடை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பார்கள்.

செயற்குழு அடுத்த மாதம் கூடுமுன் எத்துணை பேர் வருவர் என்று தெரிதல் வேண்டும். பெயர் தருவோர் மருத்துவரைக் கேட்டு, அவர் இசைவுச் சீட்டோடு, இப்போது வெளிவாயிலில் வைத்திருக்கும் குறிப்பேட்டிலோ பின்னர்ச் செயலாளரிடமோ பதிந்துகொள்க. பெயரோடும் வயதோடும் தம் உயரத்தையும் தவறாது எழுதுக. கம்பியை எந்த ஆழத்திற் பொருத்துவது என்பதை அதைக்கொண்டே தச்சருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.